நடுக்கம் நின்ற பெட்டி

தை மாதம். பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஊர்ப் பண்டிகை. மேடையின் இடது ஓரத்தில், டிரம்ஸுக்கு முன்னால், இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பல வருடமாக அதுதான் என் இடம்.

அடுத்தது அம்மன் பாட்டு. எங்கள் மெல்லிசைக் குழுவில் அந்தப் பாட்டு ஒரே மாதிரிதான் தொடங்கும். எல்லா வாத்தியமும் அடங்கும். என் கிட்டார் மட்டும் ஒரு கம்பியைத் தட்டும். அந்தச் சத்தம் நேராக வராது. நடுங்கிக்கொண்டே வரும். தண்ணீரில் விழுந்த விளக்கு வெளிச்சம் நெளிகிற மாதிரி நெளியும்.

முன்வரிசைப் பெண்களுக்கு அங்கேயே உடம்பு சிலிர்க்கும். சிலர் கொண்டையை அவிழ்த்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அப்புறம்தான் உடுக்கை. அப்புறம்தான் பாட்டு.

அன்றைக்குக் கிட்டார்ச் சத்தம் வருகிற பெட்டியின் குமிழைத் திருப்பினேன். கம்பியைத் தட்டினேன். சத்தம் நடுங்கவில்லை. சின்னதாகப் போனது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். இன்னும் சின்னதானது. அவ்வளவுதான்.

குழுவை நடத்துகிறவர் கோவிந்தன் மாஸ்டர். அவர் மைக்கைக் கையில் எடுத்தார். கிட்டாருக்கு உடம்பு சரியில்லை, ஆத்தா மன்னிச்சுக்கணும் என்றார். கூட்டம் சிரித்தது. கீபோர்டு வாசிக்கிற செல்வத்தைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். செல்வம் ஒரு பொத்தானை அமுக்கி என் பாகத்தை வாசித்தான்.

கீபோர்டிலும் நடுங்கத்தான் செய்தது. ஃபேன் சுற்றுகிற மாதிரி ஒரே அளவாக. நான் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தேன். ஒரு பெண்ணும் எழுந்திருக்கவில்லை.

மேடையை விட்டு இறங்கியதும் மாஸ்டர் சொல்லிவிட்டார். பங்குனியில் அரூர்ப் பக்கம் பெரிய பண்டிகை இருக்கிறது. அதற்குள் பெட்டி சரியாக வேண்டும். இல்லாவிட்டால் கிட்டார் பாகம் எல்லாம் செல்வத்துக்கு. நான் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்து கோரஸில் நிற்கலாம்.

"கிட்டாரு இல்லாம நான் மேடை ஏற மாட்டங்க, மாஸ்டர்."

"ஏறாத," என்றார்.

பெட்டி வந்த வழி

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

எங்கள் அப்பா ஜோலார்பேட்டையில் ஒரு ரயில் டிரைவர் வீட்டில் சமையல்காரர். ஆங்கிலோ இந்தியக் குடும்பம். அவர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டபோது, கொண்டுபோக முடியாததை எல்லாம் அக்கம்பக்கத்தில் கொடுத்தார்கள். அப்பாவுக்கு ஒரு கிட்டாரும் ஒரு பெட்டியும் வந்தன. பெட்டி என்றால் கிட்டார் ஆம்ப்ளிஃபயர். அதோடு கரண்டைக் குறைத்துக் கொடுக்கிற ஒரு இரும்புக் கட்டை. பெட்டி அமெரிக்காவில் செய்தது. நம்ம ஊர்க் கரண்டை நேராகக் கொடுத்தால் புகைந்துவிடும்.

அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. அரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நாங்கள் வேதக்காரர்கள். மாதா கோயிலுக்குக் கொடுத்துவிடலாம் என்று பெட்டியைத் தூக்கி வந்தார். சாமியார் கேட்டுப் பார்த்தார். பூசைக்கு இந்தச் சத்தம் ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். அது வீட்டிலேயே தங்கியது.

நான் எடுத்துத் தட்டினேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. தட்டுவது நிற்கவில்லை. விரல் நுனி வெடித்தது. அப்புறம் காய்த்தது. என் படிப்பு அதுதான்.

இந்தப் பெட்டியில் வால்வுகள் இருக்கின்றன. சுவிட்சைப் போட்ட உடனே பேசாது. சூடேற வேண்டும். சூடேறினால் தூசி வறுபடுகிற வாசனை வரும். அந்த வாசனை வந்தால்தான் எனக்குக் கை ஓடும்.

வெயில் காலத்தில் பெட்டி கொதிக்கும். அதனால் பின்பலகையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பி வலையை நானே அடித்தேன். காற்று போகும். எலி போகாது. பின்னால் நின்று பார்த்தால் உள்ளே இருப்பது எல்லாம் தெரியும்.

முன்பக்கம் டிரெமலோ என்று எழுதி இரண்டு குமிழ். ஒன்று நடுக்கம் எவ்வளவு வேகம் என்பதற்கு. மற்றது எவ்வளவு ஆழம் என்பதற்கு. நாங்கள் யாரும் டிரெமலோ என்று சொல்வதில்லை. நடுக்கம் என்போம்.

மாஸ்டர் என்னை மேடை ஏற்றிய நாளைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். அவருடைய கிட்டார்காரன் வராமல் போன ஒரு நாள் அது. பொம்பளையா கிட்டார் வாசிப்பது என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். நீங்க கிட்டாரைக் காதால கேப்பீங்களா, கண்ணால கேப்பீங்களா என்று திருப்பிக் கேட்டவர் அவர்தான். அதை நான் மறக்கவில்லை. அதனால்தான் "ஏறாத" என்ற சொல் இன்னும் உறைத்தது.

எங்கள் சாமியாரும் ஒரு தடவை கேட்டார். அம்மன் பண்டிகைக்குப் போய் நீ என்னம்மா வாசிக்கிறாய் என்றார். கிட்டாருதாங்க சாமி என்றேன்.

பாய் கடை

பெட்டி அதுவரை மாஸ்டர் வீட்டில்தான் இருந்தது. எல்லா வாத்தியமும் அங்கேதான். குழுவின் வேன் அங்கே நிற்பதால் அது வசதி. இப்போது என் பெட்டியை மட்டும் எடுத்துப்போகச் சொல்லிவிட்டார். பஸ்ஸில் ஏற்றினேன். உள்ளே என்னம்மா, டி.வி.யா என்றார் கண்டக்டர். டி.வி. இல்லை, வேலை என்றேன். ஒரு மாதிரி பார்த்தார்.

தருமபுரியில் ஒரு பாய். பழைய ரேடியோ, வால்வு செட் எல்லாம் பார்ப்பார். கடை மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. மத்தியானத்திலும் உள்ளே இருட்டு. பெட்டியை மேசைக்குக் கீழே தள்ளி, கரண்ட் கொடுத்து, என்னைத் தட்டச் சொன்னார்.

தட்டினேன். நடுங்கியது. கொஞ்சம் வலு குறைவு. ஆனால் நடுங்கியது.

"நல்லாத்தானம்மா இருக்குது?"

எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வால்வை மாற்றிக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து வாசலில் வைத்துத் தட்டினேன். நடுங்கவில்லை.

மறுபடி தூக்கிக்கொண்டு போனேன். அந்தக் கடையில் மறுபடி நடுங்கியது. பாய் சிரித்தார்.

"எங்கூட்டு மாமியாருக்கும் இப்படித்தாம்மா. ஆஸ்பத்திரி வாசப்படிய மிதிச்சா வலி போயிரும்."

திறந்து பாருங்கள் என்றேன். ஓடுகிற மெஷினைத் திறப்பதில்லை என்றார். அது அவர் கொள்கை. வீட்டில் நிற்கும்போது போன் பண்ணு, அப்போது பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

கரண்ட் மேல் சந்தேகம் வந்தது. எங்கள் ஊரில் ரைஸ்மில் ஓடினால் பல்பு மங்கும். மில் ஓடுகிற நேரத்தில் தட்டிப் பார்த்தேன். ஓடாத நேரத்திலும் தட்டிப் பார்த்தேன். வித்தியாசம் இல்லை. ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்தில் வீட்டுக்குள் வைத்துத் தட்டினேன். நடுங்கியது. மறுநாள் காலையில் வாசலில் வைத்தேன். நின்றுவிட்டது.

மாஸ்டர் காதுக்கும் இது போயிருக்கிறது. பெட்டிக்கு மேடைக் கூச்சம் வந்துவிட்டதாம். குழுவில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை. போனில் சொன்னேன். நடுங்காவிட்டால் என்ன, நடுங்காமலே வாசியேன் என்றார். நல்ல மனுஷன். உங்களுக்குச் சிமென்ட் இல்லாமல் சுவர் எழும்புமா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

குனிந்தால்

மாசியில் ஒரு காலை. நல்ல வெயில். பெட்டியை வாசலில் கயிற்றுக் கட்டில் மேல் வைத்தேன். வலையைக் கழற்றினேன். பாய்க்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பாய், இப்ப நடுங்கல, திறந்துட்டேன் என்றேன்.

அவர் முதலில் சொன்னது, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வை. வால்வு செட்டுக்குள் ஓடுகிற கரண்ட் வீட்டுக் கரண்டை விடக் கூட. இரண்டு கையும் உள்ளே போனால் நெஞ்சு வழியாகப் பாயும். எனக்கும் அது தெரியும். இடது கையைப் புடவை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

கிட்டாரைத் தட்ட ஆள் வேண்டும். லூர்துவைக் கூப்பிட்டேன். லூர்து என் வீட்டுக்காரரின் தங்கை. அடுத்த வீடு. வாய் கொஞ்சம் நீளம்.

"இந்தப் பொட்டிய எடைக்குப் போட்டுட்டு ஒரு மாடு புடிங்கண்ணி. அதுவாச்சும் கத்தும்."

"தட்டுடி."

ஒரு கம்பியைக் காட்டினேன். கிணற்றில் கல்லைப் போடுகிற மாதிரி தட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் நேராக வந்தது.

உள்ளே சின்னதாக ஒரு லேம்பு இருக்கும், சுண்டுவிரல் நகம் அளவு, அது மின்னுகிறதா என்று பார்க்கச் சொன்னார் பாய். பார்த்தேன். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. கிட்டே குனிந்தேன். என் தலை வெயிலை மறைத்தது. அப்போது தெரிந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு லேம்பு மின்னி மின்னி எரிந்துகொண்டிருந்தது.

மின்னுது பாய் என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தேன்.

"அண்ணி," என்றாள் லூர்து. "நீங்க குனிஞ்சா நடுங்குது. நிமிந்தா நின்னுருது."

"என்னாது?"

"குனிங்க."

குனிந்தேன். சத்தம் நடுங்கியது. நிமிர்ந்தேன். நின்றது. மறுபடி குனிந்தேன். நடுங்கியது.

"அப்ப மேடையிலயும் குனிஞ்சுக்கிட்டே வாசிங்க. மாஸ்டருக்கும் புடிக்கும்."

"அது நடக்காது. முறத்த எடுத்தா."

முறத்தை எடுத்து வந்து பெட்டிக்கு மேல் குடை மாதிரி பிடித்தாள். இந்தத் தடவை நான் தட்டினேன். நடுங்கியது. முறத்தை விலக்கச் சொன்னேன். நின்றது. முறம் வந்தால் வரும், போனால் போகும். பாய்க்குப் போனிலேயே எல்லாம் கேட்டிருக்கிறது.

அவர் விளக்கினார். அந்த லேம்புக்கு எதிரில் பொத்தான் மாதிரி ஒன்று இருக்கிறது. அதைக் கண் என்று வைத்துக்கொள். லேம்பு மின்னும்போது அது வெளிச்சத்தைப் பார்த்துச் சத்தத்தை அமுக்கும். லேம்பு அணைந்தால் விட்டுவிடும். அமுக்கி, விட்டு, அமுக்கி, விட்டு. அதுதான் நடுக்கம். வெயில் பட்டால் அந்தக் கண் வெயிலைத்தான் பார்க்கும். லேம்பு மின்னுவது அதற்குத் தெரியாது. சத்தத்தை அமுக்கின மேனிக்கே நிற்கும்.

"அது மேல கறுப்பா ஒரு உறை இருக்கணுமேம்மா? லேம்பும் கண்ணும் உறைக்குள்ள இருக்கணும்."

இருந்தது. வலை அடித்த அன்று பார்த்திருக்கிறேன். விரல் கணு அளவு, கறுப்பு ரப்பர். இப்போது இல்லை. லேம்பும் கண்ணும் வெட்டவெளியில் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருந்தன.

மேடையில் பின்னால் ஃபோகஸ் விளக்கு. வீட்டு வாசலில் வெயில். பாய் கடையில் இருட்டு.

போனில் பாய் உச்சுக்கொட்டினார். அப்புறம் சொன்னார்.

"என் கடைக்கு ஒரு ஜன்னல் இருந்திருந்தா போன மாசமே கண்டுபுடிச்சிருப்பேன்."

பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கினாலும் உள்ளே கண்டன்சரில் கரண்ட் தேங்கி நிற்கும். பாய் சொன்ன இடத்தில் ஒரு பல்பைத் தொட்டு அதை இறக்கினேன். பல்பு ஒரு தடவை எரிந்து அணைந்தது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டினேன். லேம்பையும் கண்ணையும் சேர்த்துச் சுற்றி நூலால் கட்டினேன். வெயிலிலேயே வைத்து, குமிழை முழுக்கத் திருப்பித் தட்டினேன்.

நடுங்கியது. கட்டில் கயிறும் சேர்ந்து நடுங்கியது. கோழிகள் ஓடின. மாடே வாங்கியிருக்கலாம் என்று சொல்லிவிட்டு லூர்து முறத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

உறையை எடுத்தது யார்? எலி இல்லை. எலி கடித்தால் துணுக்கு கிடக்கும். லேம்புக்குப் பக்கத்தில் தகரத்தில் காய்ந்துபோன சந்தனம் ஒட்டியிருந்தது. அதன் நடுவில் குங்குமம்.

சரசாக்கா

மறுநாள் பாப்பாரப்பட்டியில் இருக்கிற மாஸ்டர் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். மாஸ்டர் வீட்டில் இல்லை. ஏதோ ஊருக்கு நிகழ்ச்சி பேசப் போயிருந்தார். அவர் மனைவி சரசாக்கா இருந்தார். எப்போது போனாலும் முதலில் தட்டைத்தான் போடுவார். அன்றைக்குக் களியும் கீரையும்.

ஆயுத பூசைக்குப் பெட்டிக்குப் பொட்டு வைத்தது யார் என்று கேட்டேன்.

"நாந்தான். வருசா வருசம் நாந்தான வெக்கறேன்."

"உள்ளயா வெச்சீங்க?"

மறைக்கவில்லை. சந்தோஷமாகச் சொன்னார். வலைக்குள் ஒட்டடை தொங்கியதாம். பூசைக்கு ஒட்டடையோடு வைப்பதா என்று வலையைக் கழற்றித் துடைத்திருக்கிறார். பூசை நேரத்தில் எல்லா வாத்தியத்தையும் ஒரு தடவை ஓட்டுவது குழுவில் வழக்கம். என் பெட்டியையும் போட்டிருக்கிறார்கள். அப்போது உள்ளே ஏதோ மினுக்கென்று தெரிந்திருக்கிறது. பார்த்தால் குட்டி விளக்கு. கறுப்பு ரப்பருக்குள் மூச்சு முட்டிக்கொண்டு எரிகிறது.

"எரியற வெளக்க யாராச்சும் கறுப்பு சுத்தி வெப்பாங்களா மேரி? அதுவும் பூசையன்னிக்கி. சுவிட்ச அமத்திட்டு, பிளேடால அறுத்து எடுத்துட்டேன். பக்கத்துலயே ஒரு பொட்டும் வெச்சேன்."

சுவிட்சை அமர்த்தினாலும் கரண்ட் தேங்கி நிற்கிற பெட்டி அது. அந்தக் கை பிழைத்தது பெரிது. அதை முதலில் சொன்னேன். அப்புறம்தான் நடுக்கம் நின்ற கதையைச் சொன்னேன்.

ஆயுத பூசைக்கு அப்புறம் மழை. அதற்கு அப்புறம் மார்கழி. அம்மன் பாட்டு வாசிக்கிற நிகழ்ச்சியே இல்லை. அதனால்தான் தை வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை.

சரசாக்கா முகம் சுருங்கிவிட்டது. தட்டில் கீரையை மறுபடி வைத்தார். நான் கேட்கவில்லை. வைத்துக்கொண்டே இருந்தார்.

"அவருகிட்ட சொல்லிராத. பேசியே கொன்னுருவாரு."

"நானாப் போயி சொல்ல மாட்டங்க்கா. கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்."

சரசாக்கா எழுந்தார். சாமி அறைக்குள் போனார். அம்மனுக்குச் சாத்திய சிவப்புத் துணியில் ஒரு துண்டு கிழித்துக் கொண்டுவந்தார். கறுப்புதான் வேணும்னா கறுப்பு இருக்கட்டும், அதுமேல இதைச் சுத்திடு என்றார். வெளிச்சம் உள்ளே போகாத வரைக்கும் எனக்கு எந்த நிறமும் ஒன்றுதான். வாங்கி இடுப்பில் செருகினேன். அன்றைக்கே வீட்டுக்குப் போய்ச் சுற்றினேன். இன்னும் அது உள்ளே இருக்கிறது. எங்கள் சாமியாருக்குத் தெரியாது. இதைப் படித்தால் தெரியும். தெரியட்டும்.

கிளம்புகிற நேரத்தில் மாஸ்டர் வந்துவிட்டார். பெட்டி சரியாயிடுச்சுங்க என்றேன்.

"பாய் கடையிலயும் சரியாத்தான இருந்துச்சு? மேடையில என்னா ஆச்சு?"

இப்பவே வந்து கேட்டுப் பாருங்க என்றேன். நேரம் இல்லை என்றார். செல்வத்திடம் சொல்லியாகிவிட்டது, அவனும் பழகிவிட்டான் என்றார். கோரஸுக்கு வா, உன்னை விட மனசில்லை என்றார். நிஜமாகவே சொன்னார். அதுதான் பிரச்சினை.

என்ன கோளாறு என்று கேட்கவில்லை. சரசாக்கா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

நாற்காலி

பங்குனி. அரூர்ப் பக்கம் அந்த ஊர். எங்கள் ஊரில் இருந்து கிட்டத்தான். பக்கத்து வீட்டு ஆட்டோவில் பெட்டியையும் இரும்புக் கட்டையையும் ஏற்றினோம். லூர்துவும் வந்தாள். உங்களை மேடையில் இருந்து இறக்குவதைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். பாதிக் கனம் அவள்தான் தூக்கினாள்.

பொழுது சாயும் நேரம். விளக்கு போட்டுவிட்டார்கள். மேடையில் முன்னால் கோரஸ் மைக் ஒன்று தனியாக நின்றது. எனக்கு வைத்தது. என் இடத்தில் புகை விடுகிற மெஷின் இருந்தது. நாற்காலி இல்லை.

கீழே பந்தலில் விழாக்காரர்கள் இரும்பு நாற்காலியை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்தேன். படி ஏறினேன். புகை மெஷினைக் காலால் நகர்த்தினேன். நாற்காலியை விரித்துப் போட்டேன். பெட்டியை இழுத்து வைத்து கரண்ட் கொடுத்தேன். உட்கார்ந்தேன்.

சூடேறியது. தூசி வாசனை வந்தது.

மாஸ்டர் வந்தார். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்ததால் சிரித்த முகமாகவே பேசினார்.

"மேரி, எறங்கு."

"எறக்கணும்னா தூக்கித்தான் எறக்கணுங்க மாஸ்டர். பெட்டியும் கனம். நானும் கனம்."

டிரம்ஸ்காரர் குச்சியால் வாயை மறைத்துக்கொண்டார். மாஸ்டர் என்னைப் பார்த்தார். அப்புறம் கூட்டத்தைப் பார்த்தார். மைக்குக்குப் போய்விட்டார்.

மற்ற பாட்டெல்லாம் போனது. நானும் வாசித்தேன். யாரும் தடுக்கவில்லை. நடுக்கம் வேண்டாத பாட்டுகள் அவை.

அம்மன் பாட்டு வந்தது. எல்லாம் அடங்கியது. பெட்டியின் முதுகுக்கு நேராக ஃபோகஸ் விளக்கு எரிந்தது. நல்ல வெளிச்சம். வலைக்குள் எல்லாம் பளிச்சென்று தெரிந்திருக்கும். பெட்டியைக் கொஞ்சம் திருப்பி வைத்திருக்கலாம். திருப்பவில்லை. இந்த வெளிச்சத்தில் நடுங்க வேண்டும். இல்லாவிட்டால் நானே இறங்கிவிட வேண்டும். அப்படித்தான் நினைத்தேன்.

மாஸ்டர் செல்வத்தைப் பார்த்துக் கையைக் காட்டினார். செல்வத்தின் விரல் கீபோர்டுக் கட்டை மேல் இருந்தது. அவன் என்னைப் பார்த்தான். நல்லம்பள்ளிப் பையன். கல்யாணமாகி இரண்டு பிள்ளை இருக்கிறது. மாஸ்டர் சொல்லைத் தட்டினால் அவனுக்கும் கஷ்டம்தான். விரலை எடுத்துக் கையைக் கட்டிக்கொண்டான்.

குமிழைத் திருப்பினேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன். தட்டினேன்.

நடுங்கியது.

மேடைப் பலகை வழியாக என் உள்ளங்காலுக்கு வந்தது. கம்பியைப் பிடித்த விரலுக்கு வந்தது. சத்தம் எழுந்து அமுங்கியது. மறுபடி எழுந்தது. நான் அவசரப்படவில்லை. உடுக்கைக்காரர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கும் சைகை காட்டவில்லை. போதும் என்று நான் நினைக்கிற வரைக்கும் அது நடுங்கட்டும் என்று விட்டேன்.

முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். கொண்டை அவிழ்ந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் இடுப்பைப் பிடித்தார்கள். அந்தப் பக்கம் இன்னொருவர் எழுந்தார். லூர்து கண் கொட்டாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரசாக்காவும் வந்திருந்தார். எல்லோரும் அம்மன் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்கள். அவர் மட்டும் மேடைப் பக்கம் திரும்பி, பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டார். உள்ளே விளக்கு எரிவது அவருக்குத் தெரியும்.

அப்புறம்தான் தலையை அசைத்தேன். உடுக்கை விழுந்தது.

நிகழ்ச்சி முடிந்து வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி என்னிடம் வந்தார். பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து வலைக்குள் பார்த்தார்.

"என்னாதான் கோளாறு?"

சரசாக்கா வேன் படியில் ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றார்.

"வெளிச்சம் உள்ள பூந்துருச்சுங்க. மூடிட்டேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க."

சரசாக்கா வேனில் ஏறி உட்கார்ந்தார்.

மாஸ்டர் நிமிர்ந்தார். இனிமேல் இந்தக் கோளாறு வராதில்லையா என்று கேட்டார். நான் வாசிக்கிற வரைக்கும் வராதுங்க என்றேன். அவர் துண்டைத் தோளில் போட்டார். மேடைக்குத் திரும்பிப் போனார். முன்னால் நின்ற கோரஸ் மைக்கை அவரே கழற்றி, ஸ்டாண்டை மடக்கினார்.

நான் நாற்காலியை மடக்கினேன்.